'வேல்' என்ற ஒரு சொல்லுக்குப் பிரெஞ்சில் எத்தனை?

உப்புவெளியிலிருந்து ஒருவர்:

பிரான்சில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு ஊர் திரும்பியவன் என்பதால், இப்பகுதியில் பிரெஞ்சில் ஏதாவது எழுத வேண்டுமென்றால் பெரும்பாலும் என்னிடம் வருவார்கள். 1782இல் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரெனின் கடற்படை திருகோணமலையைக் கைப்பற்றிய பிறகு பிரெஞ்சுக்காரர் இங்கேயே தங்கியிருந்தால், எனக்கு இந்த வேலையே இருந்திராது.

திமிங்கிலம் பார்க்கப் பயணிகளைக் கடலுக்கு ஏற்றிச் செல்லும் படகு உரிமையாளர் ஒருவர், தமது ஆங்கில விளம்பரப் பலகையைப் பிரெஞ்சில் எழுதித் தரும்படி கேட்டார். முருகனின் வேல் அல்ல, ஆங்கில 'வேல்' அதில் வரிக்கு வரி இருந்தது: புளூ வேல், ஸ்பேர்ம் வேல், கில்லர் வேல், பைலட் வேல். "தம்பி, எல்லாம் ஒரே சொல்தானே, பின்னேரத்துக்குள்ள முடிச்சிடலாம்" என்றார்.

அகராதியில் 'வேல்' என்பதற்கு நேரே 'பலென்' என்றுதான் இருக்கும். ஆனால் பிரெஞ்சில் அச்சொல், கண்டிப்பாகப் பார்த்தால், வாயில் பல்லுக்குப் பதிலாகச் சல்லடைத் தகடுகள் உள்ள திமிங்கிலங்களுக்கே உரியது. நீலத் திமிங்கிலத்தைப் 'பலென் ப்ளே' என்றும், விலங்கியல் தெரிந்தவர்கள் 'ரோர்க்வால் ப்ளே' என்றும் சொல்வார்கள். ஸ்பேர்ம் வேலுக்குப் பல் உண்டு. அதன் பெயர் 'கஷலோ'. 'ஸ்பேர்ம்' என்றால் விந்து; அந்த ஆங்கிலப் பெயரைச் சொல்லுக்குச் சொல் மாற்றிப் பலகையில் எழுதினால், பிள்ளைகளோடு வரும் பிரெஞ்சுக் குடும்பம் முகஞ்சுளித்துக்கொண்டு அடுத்த படகுக்குப் போய்விடும். கில்லர் வேல் 'ஓர்க்', பைலட் வேல் 'குளோபிசெஃபால்'. இரண்டுமே ஓங்கில் (டொல்பின்) குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதால் பலென் என்ற பேச்சுக்கே இடமில்லை. இவ்வளவு ஒழுங்காக இருக்கும் பிரெஞ்சு, பல்லுள்ள இன்னொரு வகையை மட்டும் 'பலென் ஆ பெக்', அதாவது அலகுள்ள பலென் என்று அழைக்கிறது. மொழி என்றால் இப்படி ஒரு விதிவிலக்காவது இருக்கத்தான் செய்யும்.

உரிமையாளருக்கு இது பிடிக்கவில்லை. "இங்கிலீசில ஒண்டு, பிரெஞ்சில நாலா? வாற சனம் குழம்பிப்போகும்" என்றார். இதற்கு விளக்கம் கிடைத்தது என்னிடமல்ல, அவருடைய படகோட்டியிடம். திருகோணமலையின் சுவாமி மலைக்கு அப்பால் கடலடி செங்குத்தாக இறங்கும் ஆழத்தில் இருவகைத் திமிங்கிலமும் வருகின்றன. தூரத்தில் அவை மூச்சுவிடும் நீராவி எழும்போதே அவர் இனம் பிரித்துவிடுவார்: நேராக உயர எழுந்தால் நீலம், குட்டையாகப் புதர்போல, முன்பக்கமாகவும் இடப்பக்கமாகவும் சரிந்து எழுந்தால் கஷலோ. மூச்சுத் துவாரம் கஷலோவுக்கு ஒன்று, அதுவும் தலையின் இடப்புறத்தில்; நீலத்துக்கு இரண்டு. பிரெஞ்சில் அந்த நீராவிக்கு 'சூஃப்ள்' என்று பெயர். மூச்சுக்கும் அதே சொல்தான். பலென் பெண்பால், கஷலோ ஆண்பால் என்பதால், 'அதோ' என்று கைகாட்டி அடுத்த வாக்கியத்தைத் தொடங்கும் முன்பே வழிகாட்டி அது எதுவென்று முடிவு செய்தாக வேண்டும். ஆங்கிலத்தில் அது கிட்ட வரும்வரை 'இட்' என்றே ஓட்டிவிடலாம்.

தலைப்பில்தான் இழுபறி நீண்டது. எல்லாவற்றையும் அடக்கும் 'சேத்தாசே' என்ற சொல்லை நான் முன்வைத்தேன். அது பாடப்புத்தகம்போல இருக்கிறது, பணம் கட்ட யாரும் வரமாட்டார்கள் என்று அவர் மறுத்தார். வியாபாரக் கணக்கில் அவர் சொன்னது சரியே. கடைசியில் 'பலென்களும் கஷலோக்களும்' என்று எழுதினோம்.

நிலாவெளியிலிருந்து ஒருவர்:

மேலே உள்ளதைப் படித்தபோது நினைவுக்கு வந்ததை எழுதுகிறேன். எங்கள் விடுதியில் தங்கியிருந்த பிரெஞ்சு மூதாட்டி ஒருவர், ஒரு மழை நாளில், தமது குடையின் பலென் முறிந்துவிட்டது, எங்கே திருத்தலாம் என்று கேட்டார். பணியாளர் தம்பி கைப்பேசியில் மொழிபெயர்த்துப் பார்த்துவிட்டு, "குடைக்குள்ள திமிங்கிலமாம், அண்ணன்" என்று சிரித்தபடி என்னிடம் ஓடி வந்தான். அவர் சொன்னது குடைக்கம்பியை. முன்பு ஐரோப்பாவில் குடைக்கம்பியும் பெண்களின் இடைக்கச்சுப் பட்டையும் திமிங்கிலத்தின் வாய்த்தகட்டில் செய்யப்பட்டன. இப்போது உருக்கும் பிளாஸ்டிக்கும் வந்தும் பிரெஞ்சில் பெயர் மாறவில்லை. அந்தத் தகட்டுக்கோ 'ஃபனோன்' என்று தனிப்பெயர் உண்டு.

பலகை எழுதும் நண்பர் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். குட்டிக்கு 'பலெனோ' என்று எழுதுவதும், கண்டிப்பாகப் பார்த்தால், பலெனுக்கே பொருந்தும். கஷலோவின் குட்டியை இளங்கஷலோ என்று சொல்லலாம். வேல் ஷார்க் (திமிங்கிலச் சுறா) பெயரில் வேல் இருந்தாலும் மீன்தான் என்பதால், பிரெஞ்சில் சுறா முன்னே வந்து 'ரெக்கன்-பலென்' ஆகிவிடும். பலகையில் அதையும் மற்றவற்றோடு ஒரே வரிசையில் போட்டிருந்தால், இன்னொரு வரிக்கு இறக்கிவிடுங்கள்.