பிராண்ட் அதே தான், துணி மட்டும் ஏன் இப்படி? உங்க அனுபவத்த சொல்லுங்க

நியூஜெர்சி வாசி:
ஒரே பிராண்ட் டிஷர்ட். பழசு அமெரிக்காலயே தச்சது, வெளுத்துப் போச்சே தவிர ஷேப் மாறல. போன வருஷம் வாங்குனது ரெண்டு வாஷ்லயே சைடு தையல் சுத்திக்கிட்டு தொப்புள் கிட்ட வந்துருச்சு. வெளிநாட்டுல தச்சா இப்படித்தானா?

பனியன்காரன், திருப்பூர்:
அண்ணா, தைக்கிற எங்க கதையையும் கேளுங்க. நான் குவாலிட்டில இருக்கேன். சாம்பிள் போறப்ப கோம்டு நூலு (குட்டை இழைய சீவி எடுத்த நல்ல நூலு), 180 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி 180 கிராம்), பையர் தடவிப் பாத்துட்டு சூப்பர்ம்பாரு. ஆர்டர் போடுறப்ப பீஸுக்கு இத்தன சென்ட் கொறைங்க, இல்லன்னா பங்களாதேஷுக்கு குடுத்துக்கிறோம்னு மெயில் வரும், அந்த சென்ட்ட மொதலாளி எங்கருந்து எடுப்பாரு, நூல்ல தான் எடுப்பாரு. அப்புறம் ஆர்டருக்கு மொத்தமா வந்த துணிய ஜிஎஸ்எம் கட்டர்ல 100 சதுர செ.மீ. வட்டமா வெட்டி தராசுல வச்சா 1.62 கிராம் காட்டும், அதாவது 162 ஜிஎஸ்எம். பையரோட ஆளுக்கும் தெரியும், விலை கொறச்சதே அவங்க தானே, கண்டுக்க மாட்டாரு. உங்க தையல் சுத்துனதும் இதே கதை தான். சிங்கிள் ஜெர்சி துணி, அதான் சாதா டிஷர்ட் துணி, நூல் முறுக்குக்கு ஏத்த மாதிரி ஒரு பக்கமா திரும்பும், ஒழுங்கா காம்பாக்டிங் பண்ணி (துணிய முன்னாடியே அமுக்கி சுருங்க வச்சு), வெட்டுறதுக்கு முன்னாடி பிரிச்சுப் போட்டு ஆற விட்டா பெருசா தெரியாது. ஷிப்மென்ட் தேதி கழுத்துல நிக்கிறப்ப யாரு ஆற விடுறது?

5000 பீஸ் ஆர்டர்னா ஏக்யூஎல் 2.5 கணக்குல (எத்தன டிஃபெக்ட் வரைக்கும் ஒத்துக்கலாம்னு சொல்ற அளவு) 200 பீஸ் எடுத்துப் பாப்பாங்க, 10 டிஃபெக்ட் வரைக்கும் பாஸ், 11 வந்தா ஃபெயில். அதே ஷெட்ல ஜப்பான் ஆர்டர் ஓடுனா ஒவ்வொரு பீஸும் நீடில் டிடெக்டர்ல (துணில ஊசித் துண்டு இருக்கான்னு கண்டுபிடிக்கிற மெஷின்) போகும், ஊசி ஒடஞ்சா எல்லாத் துண்டையும் தேடி எடுத்து முழுசா இருக்குன்னு பேப்பர்ல ஒட்டி வைக்கிற வரைக்கும் அந்த மெஷின் ஓடாது. தைக்கிறது அதே அக்கா, அதே மெஷின் தான்ணா.

பொம்மைக் கடை:
2007ல மேட்டல்ங்கிற அமெரிக்க பொம்மை கம்பெனி வித்த பொம்மைய திரும்ப வாங்குனது ஞாபகம் இருக்கா? ஈயம் கலந்த பெயிண்ட்டுன்னு சீனாவ எல்லாரும் திட்டுனாங்க. பெயிண்ட் விஷயம் உண்மை தான், ஆனா திரும்ப வாங்குனதுல பெரும்பங்கு கழண்டு வர்ற காந்தத்தால, அது மேட்டலோட சொந்த டிசைன் கோளாறு. செப்டம்பர்ல சீனாகிட்ட அவங்களே மன்னிப்பு கேட்டாங்க. நம்ம கடைக்கு வந்தவங்க மட்டும் ரொம்ப நாளைக்கு "சீனா பொம்மையா?"ன்னு மூஞ்ச சுளிச்சாங்க.

காயில் கட்டுறவன்:
ஃபேனும் அப்படித்தாங்க. மேல உள்ளூர் பேரு ஸ்டிக்கர், மோட்டார் வெளிய செஞ்சு வந்தது. காயில் செம்பு கலர்ல மினுங்கும், பிளேடால சுரண்டுனா வெள்ளையா அலுமினியம். வாங்குறப்ப "காப்பர்"னு பில்லுல எழுதித் தரச் சொல்லுங்க, பாதி கடைக்காரங்க பேச்ச மாத்திருவாங்க.