பிசினஸ் முடிவுகள்ல பிள்ளைங்க பேச்சை எவ்வளவு தூரம் கேக்கலாம்?

செல்வி_திருப்பூர்
எல்லாருக்கும் வணக்கமுங்க. நாங்க திருப்பூர்ல சின்னதா குழந்தைங்க பனியன் யூனிட் வச்சிருக்கோம், உள்ளூர் மார்க்கெட்டுக்குத்தான், எக்ஸ்போர்ட் இல்ல. பொண்ணு பத்தாவது, பையன் ஆறாவது. வீட்டுக்குக் கீழயே கட்டிங், தையல், செக்கிங் எல்லாம், ரெண்டும் ஓவர்லாக் தையல் மெஷின் சத்தத்துலயே வளந்த பிள்ளைங்க.

போன சீசன்ல ஒரு சாம்பிளை பையனுக்குப் போட்டுப் பாத்தோம், போட்டதுல இருந்து கழுத்துக்குப் பின்னாடி சொறிஞ்சுட்டே இருந்தான், கேட்டா லேபிள் குத்துதுங்கறான். அவங்கப்பா உடனே தையல் லேபிளை எடுத்துட்டு துணியிலயே சூடு வச்சு அச்சடிக்கற ஹீட் டிரான்ஸ்ஃபர் அடிக்க சொல்லிட்டாரு. அந்த மாடலையே இப்ப கடைக்காரங்க மறுபடியும் கேட்டு வாங்கறாங்க. அதுக்கப்புறம் கலர், பிரிண்ட் எது வந்தாலும் ரெண்டு பேர்கிட்டயும் காட்டாம முடிவு பண்றதில்ல.

இப்ப விஷயம் என்னன்னா, ஒரு மொத்த வியாபாரி பெரிய ஆர்டர் தர்றேங்கறாரு, பணம் 90 நாள் கழிச்சுத்தான். நூல், துணிக்கே பேங்க்ல ஓடி (ஓவர்டிராஃப்ட் கடன்) லிமிட்டை ஏத்தணும். ராத்திரி சாப்பிடறப்ப இதைப் பேசிட்டிருந்தோம், பையன் "போன தடவையும் அவரு லேட்டாத்தானே குடுத்தாரு"ன்னான். பொண்ணு "வராட்டி தையல்காரங்களுக்கு சனிக்கிழமை சம்பளம் எப்படி போடுவீங்க"ன்னு கேட்டா. என் வீட்டுக்காரரு ரெண்டையும் எழுதி வச்சுக்கிட்டாரு. மாமனாருக்குப் பிடிக்கல, படிக்கிற பிள்ளைங்க காதுல கடன் கதைய போடாதீங்கன்னு சத்தம் போட்டாரு. அவரு சொல்றதுலயும் நியாயம் இருக்கு. எதுவரைக்கும் சொல்லலாம்? பொண்ணை பார்ட்னரா சேக்கலாம்னு வேற ஒருத்தர் யோசனை சொல்றாரு, அது முடியுங்களா?

நிட்டிங்_பாலு
அக்கா, குழந்தைங்க துணி பண்றவங்க குழந்தைங்ககிட்ட கேக்காம வேற யாருகிட்ட கேக்கறது? கழுத்து ரிப் பட்டி டைட்டா இருக்கு, தலை நுழைய மாட்டேங்குது, பிரிண்ட் நெஞ்சுல ஒட்டுதுன்னு அவங்க சொல்றது எந்த டெஸ்ட் ரிப்போர்ட்லயும் வராது. ஆனா ஒண்ணு, பாதுகாப்பு விஷயத்துல ஓட்டு கிடையாதுன்னு முதல்லயே சொல்லிடுங்க. என் பையன் ஹூடில நாடா வச்சாத்தான் கெத்துன்னு நின்னான். ஐரோப்பா ஸ்டாண்டர்ட் ஈஎன் 14682ல 7 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைங்க துணிக்கு தலை, கழுத்துப் பக்கம் நாடாவே கூடாது, எங்கயாவது மாட்டி கழுத்தை இறுக்கிரும்னுதான். உள்ளூர் மார்க்கெட்டா இருந்தாலும் நான் அதைத்தான் ஃபாலோ பண்றேன். வேண்டாம்னு மட்டும் சொல்லாம அவனை உக்கார வச்சு காரணத்தையும் சொன்னேன், இப்ப சாம்பிள் வந்தா அவனே முதல்ல நாடாவைத்தான் தேடறான்.

கணக்கர்_ஈரோடு
சட்டத்தை மட்டும் சொல்றேன்மா. 18 ஆகாதவங்க ஒப்பந்தம் போட முடியாது, 1872 ஒப்பந்தச் சட்டம் 11வது பிரிவு. அதனால முழு பார்ட்னரா சேக்க முடியாது. ஆனா 1932 கூட்டாண்மைச் சட்டம் 30வது பிரிவுல, எல்லா பார்ட்னரும் சம்மதிச்சா மைனரை லாபப் பங்குக்கு மட்டும் சேக்கலாம். அப்படி சேத்தா நஷ்டத்துக்கு அவங்க பங்கு வரைக்கும்தான் பொறுப்பு, சொந்தச் சொத்துல கை வைக்க முடியாது. ஃபர்ம் கணக்கைப் பாக்கவும் நகல் எடுக்கவும் அந்தப் பிள்ளைக்கு உரிமை இருக்கு, எனக்கு அந்தப் பிரிவுல ரொம்பப் பிடிச்சது இதுதான். 18 ஆனதும் 6 மாசத்துக்குள்ள தொடரப் போறாங்களா விலகறாங்களான்னு பொது அறிவிப்பு கொடுக்கணும், கொடுக்காம விட்டா முழு பார்ட்னர் ஆயிட்டதா ஆயிடும், பழைய பொறுப்பும் சேந்து வரும். இதை நிறைய பேரு கவனிக்கறதில்ல. வரி மிச்சம்னு நினைச்சு செய்யாதீங்க, லாபத்துக்கு ஃபர்மே வரி கட்டிடுது, அதுல மைனருக்குப் பங்கு பிரிச்சாலும் அந்த வரி குறையாது.

இன்னொண்ணு, 14 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளை குடும்பத் தொழில்ல உதவலாம்னு குழந்தைத் தொழிலாளர் சட்டத்தோட 2016 திருத்தம் சொல்லுது, ஆனா ஸ்கூல் நேரம் போக, லீவுல, ஆபத்தில்லாத வேலை மட்டும். பையனை கட்டிங் மெஷின் பக்கம் விட்டுடாதீங்க.

மலர்_டீச்சர்
உங்க மாமனார் பக்கம்தான் நான் பேசப் போறேன். என் கிளாஸ்ல ஒரு பிள்ளை ஃபீல்ட் ட்ரிப்புக்கு பேரே குடுக்கல, ஏன்டான்னா "எங்க கடைக்கு லோன் இருக்கு மிஸ்"னு சொல்லுது. அவங்க அப்பாவைக் கூப்ட்டுப் பேசினா, லோன் ஒழுங்காத்தான் கட்டிட்டிருக்காரு, ட்ரிப்புக்கு பணம் குடுக்கவும் தயாரா இருக்காரு. பிள்ளைக்கு தொகை மட்டும் தெரியும், அதை எப்படி அடைக்கிறாங்கன்னு தெரியாது, அதான் பயந்துபோச்சு. கடனை மறைங்கன்னு சொல்லல, சொன்னா முழுசா சொல்லுங்க, மாசம் இவ்ளோ வருது, இவ்ளோ கட்டறோம், வராட்டி இதைச் செய்வோம்னு. அதைச் சொல்ற நிலைமையில நீங்களே இல்லன்னா அன்னைக்கு அந்தப் பேச்சை சாப்பாட்டு நேரத்துல எடுக்காதீங்க. அதோட, பிள்ளை சொன்னதை வச்சு முடிவெடுத்து அது தப்பாப் போனாலும் "நீதான சொன்ன"ன்னு ஒரு வார்த்தை யாரும் சொல்லக்கூடாது, பெரியவங்களுக்கும் இதைச் சொல்லி வைங்க.

காரைக்குடிக்காரன்
எங்க நகரத்தார் ஆளுக பர்மா, சிலோன், மலாயான்னு கடை போட்ட காலத்துல சின்னப் பையங்களை பெட்டியடிப் பையன்னு கூட்டிட்டுப் போவாங்க. பெட்டிப் பக்கத்துல உக்காந்து எடுபிடி வேலை செய்யணும், பெரியவுக பேசறதைக் கேக்கணும், யாருக்கு கடன் குடுக்கறாக, யாரைத் திருப்பி அனுப்பறாகன்னு பாத்துக்கிட்டே இருக்கணும். அப்புறம் அடுத்தாள், அதுக்கு மேல மேலாள்னு படிப்படியா ஏறணும். எந்தக் கட்டத்துல எதுல வாய் திறக்கலாம்ங்கறது அதுலயே வந்துரும். பாவம் அந்தப் பிள்ளைக ஆத்தா முகம் பாக்காம வருஷக்கணக்கா கெடந்துச்சுக, அதை நான் சரின்னு சொல்ல வரல. ஆனா முடிவெடுக்கற இடத்துல பிள்ளைய உக்கார வச்சது நல்ல ஏற்பாடு. இன்னொண்ணு, அந்தப் பெட்டிகிட்ட பொம்பளப் பிள்ளைக உக்காந்ததில்ல. தங்கச்சி, உங்க பொண்ணு சம்பளத்தைப் பத்திக் கேட்டுச்சு பாருங்க, அது முதலாளி கேக்கற கேள்வி. விட்டுடாதீக அந்தப் பிள்ளைய.

செல்வி_திருப்பூர்
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். டீச்சர் சொன்னதை மாமனார்கிட்ட அப்படியே படிச்சுக் காட்டினேன், கொஞ்சம் இறங்கி வந்திருக்காரு. நேத்து அவரையும் சேத்து உக்கார வச்சு, எவ்ளோ வரணும், எவ்ளோ கட்டணும்னு வீட்டுக்காரரு பிள்ளைங்களுக்கு நோட்டுல எழுதிக் காட்டினாரு. ஆர்டர்ல பாதிதான் எடுக்கறோம், துணிக்கு அட்வான்ஸ் கேட்டிருக்கோம், முடிவு எங்களோடதுன்னு தெளிவா சொல்லிட்டோம். பையன் அந்த ஆர்டரே வேண்டாம்னான், ஏன் பாதி எடுக்கறோம்னு அவனுக்கு விளக்கினோம், இன்னும் முறைச்சுட்டுத்தான் இருக்கான். பார்ட்னர் பேச்சை 18க்கு அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டுட்டோம். கணக்கர் சார், பொண்ணு பேர்ல பேங்க் கணக்கு தொறந்து அவளே நடத்தலாமுங்களா? சாம்பிள் துணி செலவை அவகிட்ட விடலாம்னு இருக்கோம்.

கணக்கர்_ஈரோடு
நடத்தலாம்மா. 10 வயசுக்கு மேல உள்ளவங்க சேவிங்ஸ் கணக்கை தாங்களே நடத்தலாம்னு ரிசர்வ் பேங்க் 2025ல சொல்லியிருக்கு, எவ்ளோ தொகை வரைக்கும், ஏடிஎம் கார்டு உண்டா இல்லையாங்கறது அந்தந்த பேங்க் வைக்கற விதி. இருப்புக்கு மேல எடுக்க முடியாது. ஆனா யூனிட் வரவு செலவை அதுல கலக்காதீங்க, சாம்பிள் துணி பில்லெல்லாம் ஃபர்ம் பேர்லயே வாங்கி ஃபர்ம் கணக்குல இருந்தே கட்டுங்க. எந்தத் துணி, எவ்ளோன்னு முடிவு பண்றதை மட்டும் பொண்ணுகிட்ட விடுங்க.