ஹைலேண்டருக்கு எந்த ஹிட்ச்? மாட்டியவர்கள் சொல்லுங்கள்

டிரெய்லர் இழுக்க வண்டியின் பின்னால் ஹிட்ச் (இழுவைக் கொக்கி) மாட்டப் போகிறேன். வண்டி 2021 டொயோட்டா ஹைலேண்டர் வி6, இழுவைத் திறன் 5,000 பவுண்டு. டிரெய்லர் சரக்கோடு 3,200 வரும். அதில் 10 முதல் 15 சதவீதம், அதாவது 320 முதல் 480 பவுண்டு, ஹிட்ச் பந்தின் மேல் இறங்கும். 1¼ அங்குல கிளாஸ் 2 ரிசீவர் (வண்டியடியில் போல்ட் போடும் சதுரக் குழாய்) 3,500 இழுக்கும்தான், ஆனால் பந்தில் இறங்கும் எடைக்கு அதன் வரம்பு பெரும்பாலும் 350. அங்கேதான் இடிக்கிறது. ஆகவே 2 அங்குல கிளாஸ் 3 பார்க்கிறேன்.

சேசிஸில் இருக்கும் துளைகளிலேயே போல்ட் பிடிக்குமா, எக்ஸாஸ்டை இறக்க வேண்டுமா? டிரெய்லரில் மின்சார பிரேக் உண்டு. 7 பின் வயரிங்கோடு எந்த பிரேக் கன்ட்ரோலர் ஒத்துப்போகிறது? பால் மவுண்ட் (ரிசீவரில் செருகும், பந்தைத் தாங்கும் கம்பி) எத்தனை அங்குல இறக்கம் வைத்தால் டிரெய்லர் மட்டமாக நிற்கிறது? டிரெய்லரின் கப்ளர் (பந்தின் மேல் பூட்டும் பகுதி) 2 அங்குலப் பந்துக்கானது. 1⅞ பந்து போதும் என்று மட்டும் சொல்லாதீர்கள், பூட்டியதுபோல் தெரியும், மேடு பள்ளத்தில் கழன்றுவிடும்.