கல்யாணத்துக்கு வராத எம்எல்ஏ நமக்கு வேணுமா?

சந்தைப்பேட்டை:
எங்கள் தொகுதியில் சுயேச்சையாக நிற்கும் ஒரு அம்மாவின் நோட்டீஸ் நேற்று பேப்பருக்குள் மடித்து வந்தது. பேரும் தொகுதியும் வேண்டாம், தேர்தல் நேரம். ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மஞ்சள் தாள், இரண்டு பக்கமும் பொடி எழுத்து, போட்டோகூட இல்லை.

சொல்லியிருப்பது இதுதான். ஜெயித்தால் கல்யாணம், காதுகுத்து, கடை திறப்பு எதற்கும் வரமாட்டாராம். துக்கத்துக்கு மட்டும் வருவாராம். சிபாரிசுக் கடிதம் யாருக்கும் கிடையாது. சாக்கடை, தெருவிளக்கு கட்டித் தருவேன் என்று வாக்குறுதி தரமாட்டார், அது உள்ளாட்சியின் வேலை. தொகுதி நிதியில் நடக்கும் ஒவ்வொரு வேலைக்கும் எஸ்டிமேட் எவ்வளவு, காண்ட்ராக்டர் யார், எப்போது முடியும் என்று வேலை நடக்கும் இடத்திலேயே போர்டு வைப்பார். சட்டமன்றம் கூடும் நாளெல்லாம் சென்னையில் இருப்பார்.

படித்ததும் எனக்குப் பிடித்துவிட்டது. வீட்டில் காட்டினேன், "டெபாசிட் போயிடும் பாவம்" என்றார்கள். நீங்க என்ன சொல்றீங்க?

தறிக்காரன்:
வீட்டில் சரியாத்தான் சொல்லியிருக்காங்க. பதிவான செல்லத்தக்க ஓட்டில் ஆறில் ஒரு பங்கு வாங்கணும், இல்லேன்னா கட்டின 10,000 ரூபாய் சர்க்காருக்கு. பாவம்னு எல்லாம் எனக்குத் தோணலை. லெட்டர் தரமாட்டேன்னு சொல்ற எம்எல்ஏவை வெச்சு நான் என்ன பண்றது?

எங்கப்பா பாகம் பிரிச்ச நிலத்துக்கு உட்பிரிவு பட்டா வாங்க நான் அலைஞ்ச அலைச்சல் எனக்குத்தான் தெரியும். சர்வேயர் இன்னிக்கு வர்றேன், நாளைக்கு வர்றேன், செயின் இல்லை, ஆள் இல்லை. கடைசியில் எம்எல்ஏ ஆபீசில் இருந்து பி.ஏ. ஒரு போன் போட்டார். மறுவாரம் கல்லு நட்டாச்சு. அந்த போனைத்தான் இந்தம்மா போடமாட்டேங்கிறாங்க.

ஓய்வுச் சம்பளம்:
தறிக்காரன் தம்பி, நான் தாலுகா அலுவலகத்தில் குப்பை கொட்டியவன். அந்த போனின் மறுமுனையில் இருந்திருக்கிறேன். நடப்பதைச் சொல்கிறேன்.

உட்பிரிவு இல்லாத பட்டா மாறுதல் காகிதத்தோடு முடிந்துவிடும். உட்பிரிவு என்றால் நேரில் போய் அளந்தாக வேண்டும். அளப்பவர், சில கிராமங்கள் சேர்ந்த குறுவட்டத்துக்கு ஒருவர்தான். எம்எல்ஏ ஆபீசில் இருந்து போன் வந்தால் இரண்டாவது சர்வேயர் முளைத்து வரமாட்டார். அதே ஆள், அதே நாள். அன்றைக்கு யாருக்கு அளக்க வேண்டியிருந்ததோ அவர் மனு அடியில் போகும், உங்களுடையது மேலே வரும். வேலை சீக்கிரம் நடந்ததாக நீங்கள் நினைத்தீர்கள். உங்களுக்கு முன்னால் நின்றவருக்கு இன்னும் ஒரு வாரம் தள்ளிப்போனது. அந்த ஆளுக்குக் காரணம் கடைசிவரை தெரியாது.

தறிக்காரன்:
சார், வரிசை நேர்மையா இருந்தா நீங்க சொல்றது நியாயம். காசு வெச்சிருக்கிறவன் ஏற்கெனவே வரிசையைத் தாண்டிப் போயாச்சு. புரோக்கர் புடிச்சவனும் போயாச்சு. எங்கிட்ட காசும் இல்லை, புரோக்கரும் இல்லை. ஓட்டு ஒண்ணுதான் இருக்கு. அதைக் காட்டி ஒரு போன் கேட்டா, நான் மத்தவன் வாய்ப்பைப் பறிச்சுட்டேன்னு பாடம் எடுக்கறீங்க. காசில்லாதவனுக்கு லெட்டர்தான் சார் காசு.

பூச்செடி:
அண்ணா சொன்ன கடைசி வரி எனக்குப் புரியுது. ஆனா அந்த லெட்டர் யாருக்குக் கிடைக்குது? எங்க தெருவில் முதியோர் பென்ஷனுக்கு எழுதிப்போட்ட பாட்டி ஒருத்தங்க இருக்காங்க. 1,200 ரூபாய் பென்ஷன். எம்எல்ஏ ஆபீசுக்குப் போக அவங்களுக்கு யார் துணை வருவா? பூத்தில் வேலை செஞ்சவர் வீட்டு மனு போகுது, பாட்டி மனு போகலை. காசில்லாதவங்களுக்கு உள்ளேயும் ஆள் பலம் இருக்கறவங்க, இல்லாதவங்கன்னு ரெண்டு வரிசை இருக்கு.

கட்சிக்காரன்தான்:
ஒளிக்க ஒன்றும் இல்லை, நான் கட்சிக்காரன்தான். எந்தக் கட்சி என்பது இந்த விவாதத்துக்குத் தேவையில்லை.

கல்யாணத்துக்குப் போவதை எல்லோரும் கேலி பண்ணுகிறீர்கள். எம்எல்ஏ முகூர்த்த நாளில் ஏழெட்டு மண்டபம் ஏறி இறங்குவது மொய் எழுதவா? பந்தியில் உட்கார்ந்தால் பக்கத்து இலைக்காரன் காதோடு சொல்வான், "அண்ணா, எங்க ஊர் டேங்கு ஏறி மூணு வாரமாச்சு." அதே ஆள் மனு எழுதிக்கொண்டு ஆபீசுக்கு வரமாட்டான். கூச்சம், கூலி நாள் போகும், எழுதத் தெரியாது. மண்டபத்தில் கேட்டதை வைத்து நாங்கள் எத்தனை மோட்டார் மாற்றியிருக்கிறோம் தெரியுமா? அலுவலகத்தில் உட்கார்ந்து மக்களை எதிர்பார்ப்பது அதிகாரி புத்தி. அந்தம்மா ஒன்றிய அலுவலகத்தில் இருந்தவர், அப்படித்தான் யோசிப்பார்.

இன்னொன்று. 2022இல் முதல்வரே எல்லா எம்எல்ஏவுக்கும் கடிதம் எழுதி, தொகுதிக்கு முக்கியமான 10 கோரிக்கையைப் பட்டியல் போட்டுக் கேட்டார். "உங்கள் தொகுதியில் முதலமைச்சர்" திட்டம். எதிர்க்கட்சி எம்எல்ஏவுக்கும் சேர்த்துத்தான். ஊரைச் சுற்றாதவர் அந்தப் பத்தை எங்கிருந்து எழுதுவார்?

பூச்செடி:
பந்தியில் காதோடு சொல்றாங்க, சரி. சொல்றது யாரு? எம்எல்ஏ மண்டபத்துக்குள்ள வந்தா சுத்தி இருபது வெள்ளைச் சட்டை. பொம்பளைங்க பக்கத்தில் போக முடியாது. மாப்பிள்ளை பொண்ணோட நின்னு ஒரு போட்டோ, இலையில் ரெண்டு வாய், அடுத்த மண்டபம். தண்ணி வராததைப் பத்தி அதிகம் பேசவேண்டியது குடம் தூக்கறவங்க. அந்த நேரத்தில் அவங்க சமையல்கட்டுப் பக்கம் இருப்பாங்க.

கட்சிக்காரன்தான்:
அதற்குத்தான் கிராம சபை இருக்கிறது. இப்போது வருடத்துக்கு ஆறு தடவை. அங்கே பெண்கள் பேசட்டுமே, யார் தடுத்தது?

சட்டக்கல்லூரி:
கிராம சபை என்று நீங்களே எடுத்துக்கொடுத்தீர்கள், நன்றி அண்ணா. அந்த நோட்டீஸில் எனக்கு முக்கியமாகப்பட்டது கல்யாணம் இல்லை, சாக்கடை விஷயம்தான்.

"சாக்கடை உள்ளாட்சி வேலை" என்கிறார். சட்டப்படி சரி. ஆனால் உள்ளாட்சி இருக்கிறதா? 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது. ஊரகத் தேர்தல் 2019 டிசம்பரில்தான் நடந்தது, அதுவும் 27 மாவட்டங்களில். மீதி ஒன்பது மாவட்டத்துக்கு 2021 அக்டோபர். நகர்ப்புறத்துக்கு 2022 பிப்ரவரி. அதுவரை, தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இடத்தில் அரசு அதிகாரிகளான தனி அலுவலர்கள். பிறகு அந்த 27 மாவட்டத்திலும் பதவிக்காலம் 2025 ஜனவரியோடு முடிந்து, மறுபடி தனி அலுவலர் கைக்குப் போனது. ஐந்து வருடம் முடிவதற்குள் தேர்தல் நடத்த வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 243இ பிரிவு சொல்கிறது.

தனி அலுவலரை நியமிக்கச் சட்டத்தில் வழி செய்தது யார்? சட்டமன்றம். 2016க்குப் பிறகு அவர்கள் காலத்தை நீட்டிக்க நீட்டிக்க, திருத்த மசோதா சட்டமன்றத்துக்குத்தான் வந்தது. 2025 ஜனவரியிலும் வந்தது. ரெண்டு ஆட்சியிலும் கதை இதுதான். மண்டபம் மண்டபமாகப் போய் "டேங்கு ஏறலை" என்று கேட்டுக்கொண்ட எம்எல்ஏதான், டேங்கைப் பார்த்துக்கொள்ள வேண்டிய ஊராட்சித் தலைவர் இல்லாமல் போகும் மசோதாவுக்குக் கை தூக்கினார். அப்புறம் தலைவர் இல்லாத ஊருக்கு அவரே மோட்டார் மாற்றிக்கொடுத்து நன்றி வாங்கிக்கொள்கிறார்.

சந்தைப்பேட்டை:
இந்தக் கோணம் எனக்குத் தோன்றவில்லை. நோட்டீஸின் பின்பக்கம் "உள்ளாட்சித் தேர்தலை உரிய காலத்தில் நடத்தச் சட்டமன்றத்தில் குரல் கொடுப்பேன்" என்று ஒரு வரி இருக்கிறது. வழக்கமான வரி என்று தாண்டிப் போய்விட்டேன்.

கட்சிக்காரன்தான்:
தம்பி பாதியைச் சொல்லுகிறார். 2016இல் நடக்கவிருந்த தேர்தலின் அறிவிப்பை ரத்து செய்தது உயர் நீதிமன்றம். இந்தத் தடவை வார்டு வரையறை, ஊராட்சிகளை நகராட்சியோடு சேர்ப்பது என்று வேலை இருக்கிறது. அடுத்தது, இப்படித்தான் ஓட்டுப் போட வேண்டும் என்று கட்சிக் கொறடா உத்தரவு போட்டால் எம்எல்ஏ என்ன செய்வார்? மீறினால் 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்தில் பதவி போகும். தனி ஆளைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை.

சட்டக்கல்லூரி:
நீதிமன்றம் ரத்து செய்த அறிவிப்பைச் சரிசெய்து மறுபடி வெளியிட மூன்று வருடமா? கொறடா பற்றிச் சொன்னது ரொம்பச் சரி, அதனால்தான் சுயேச்சையைப் பற்றி யோசிக்கச் சொல்கிறேன். அவருக்குக் கொறடா கிடையாது.

தறிக்காரன்:
கொறடாவும் கிடையாது, பேச நேரமும் கிடையாது. சட்டசபையில் கட்சி பலத்தைப் பார்த்துத்தான் நேரம் பிரிப்பாங்க. 234 பேரில் ஒத்தை ஆளா எழுந்து நின்னா ரெண்டு நிமிஷம் குடுத்து உக்காரச் சொல்லுவாங்க. அதுக்கும் முன்னாடி ஜெயிக்கணுமே! 2011, 2016, 2021 மூணு பொதுத்தேர்தலிலும் ஒரு சுயேச்சைகூட ஜெயிக்கலை. நடுவில் ஜெயிச்சது 2017 டிசம்பர் ஆர்.கே.நகர் இடைத்தேர்தலில், அதிமுகவில் இருந்து பிரிஞ்சு குக்கர் சின்னத்தில் நின்ன டிடிவி தினகரன். அவரை சுயேச்சைன்னு சொன்னா குக்கரே விசில் அடிக்கும்.

ஜெயிச்ச பிறகு ஆளுங்கட்சியில் போய்ச் சேர்ந்துட்டா?

சட்டக்கல்லூரி:
சேர முடியாது. சுயேச்சையாக ஜெயித்தவர் அதற்குப் பிறகு எந்தக் கட்சியில் சேர்ந்தாலும் அதே சட்டத்தில் பதவி பறிபோகும். வெளியில் இருந்து ஆதரவு என்று ஒன்று இருக்கிறது, அதைச் சட்டம் தடுக்காது. அந்த சந்தேகம் நியாயமானது.

சிவப்பு மசி:
மணிப்பூரில் ராணுவச் சிறப்பு அதிகாரச் சட்டத்தை எதிர்த்து இரோம் ஷர்மிளா 16 வருடம் உண்ணாவிரதம் இருந்தார். 2017இல் தௌபால் தொகுதியில் அந்த மாநில முதல்வரை எதிர்த்து நின்றார். விழுந்த ஓட்டு 90. நோட்டீஸ் அடித்த அம்மாவுக்கு இதை யாராவது சொல்லிவிடுங்கள். நம் பக்கத்தில் 2016இல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும் பணப் பட்டுவாடா புகாரில் தேர்தலையே தள்ளிவைத்தார்கள். இப்போது ஒரு வேட்பாளர் 40 லட்சம் வரை செலவு பண்ணலாம் என்று வரம்பு. அந்த மஞ்சள் நோட்டீஸுக்கு என்ன ஆகியிருக்கும்?

ஓய்வுச் சம்பளம்:
ஜெயிப்பாரா என்பது வேறு, அவர் சொல்வது சரியா என்பது வேறு. ரெண்டையும் போட்டுக் குழப்பாதீர்கள்.

சிபாரிசு இல்லாவிட்டால் உலகம் நின்றுவிடாது. கேந்திரிய வித்யாலயாவில் எம்பிக்கு வருடம் 10 சீட் சிபாரிசு செய்யும் உரிமை இருந்தது. 2022இல் எடுத்துவிட்டார்கள். எம்பி வீட்டு வாசலில் ஏப்ரல், மே மாதக் கூட்டம் குறைந்தது, அவ்வளவுதான். பள்ளிக்கூடம் நடந்துகொண்டுதான் இருக்கிறது. பட்டாவுக்கும் பென்ஷனுக்கும் அதே மாதிரி வழி உண்டு. மத்தியப் பிரதேசம் 2010இல், பீகார் 2011இல் சேவை பெறும் உரிமைச் சட்டம் கொண்டுவந்தன. இத்தனை நாளுக்குள் இந்தச் சான்று என்று கெடு. தாண்டினால் அந்த அதிகாரி அபராதம் கட்ட வேண்டும். பீகாரில் எல்லாம் ஒழுங்காகிவிட்டதா என்று கேட்காதீர்கள், ஆகியிருக்காது. ஆனால் அங்கே கேட்பதற்கு ஒரு சட்டம் இருக்கிறது. போன் போடமாட்டேன் என்று சொல்லும் வேட்பாளர், போன் தேவைப்படாத ஏற்பாடு என்ன என்பதையும் சொல்ல வேண்டும். நோட்டீஸில் அது இருக்கிறதா?

சந்தைப்பேட்டை:
இல்லை சார். ரெண்டு பக்கமும் மறுபடி பார்த்துவிட்டேன்.

தறிக்காரன்:
அதைத்தானே நான் முதலில் இருந்து கத்தறேன்! கதவைச் சாத்தறதை எழுதியிருக்காங்க, வேற வழி எதுன்னு எழுதலை.

ஓய்வுச் சம்பளம்:
இந்த இடத்தில் நான் தம்பி பக்கம். இன்னும் ஒன்று. சிபாரிசுக் கடிதம் எதுவுமே தரமாட்டேன் என்று சொல்லவும் முடியாது. ஆதாரில் முகவரி மாற்ற வேறு ஆவணம் இல்லாதவர்கள், அதற்கென்று உள்ள படிவத்தில் எம்எல்ஏ கையெழுத்து வாங்கிக் கொடுக்கலாம். வாடகை வீடு மாறிக்கொண்டே இருக்கும் தறிக் கூலிக்காரர்கள் நிறையப் பேருக்கு அதுதான் கதி. அது சிபாரிசு இல்லை, சான்று. அந்தம்மா ரெண்டையும் பிரித்துச் சொல்லவில்லை.

பூச்செடி:
தொகுதி நிதி போர்டு பத்தி யாருமே பேசலை. வருஷத்துக்கு 3 கோடி. எம்எல்ஏ கையில் காசா வராது, வேலையைப் பரிந்துரை பண்றார், கலெக்டர் அனுமதி, ஒன்றியமோ நகராட்சியோ செய்யுது, அது தெரியும். எங்க ஊரில் பயணியர் நிழற்குடை கட்டினாங்க. எம்எல்ஏ பேர் ஒரு முழ எழுத்தில் இருக்கு. தொகை பொடி எழுத்து, அதுவும் வெயிலில் போயாச்சு. பஸ் அங்கே நிக்கறதே இல்லை, நூறு அடி தள்ளித்தான் நிக்குது. கட்டறதுக்கு முன்னாடி ஒரு போர்டு இருந்திருந்தா ஒரு பொம்பளையாவது சொல்லியிருப்பா, பஸ் நிக்கற இடம் இது இல்லைன்னு.

கட்சிக்காரன்தான்:
போர்டு வைப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் காண்ட்ராக்டர் பேரை எழுதினால் வேலை முடிவதற்குள் சண்டை வந்துவிடும், பாருங்கள்.

பூச்செடி:
வரட்டும்.

சந்தைப்பேட்டை:
வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்தம்மா எங்கள் சந்தையில் பேசுகிறார், மைக்செட் மட்டும்தானாம். ஆதார் சான்று, சேவை உரிமைச் சட்டம், தனி அலுவலர் மூன்றையும் கேட்கலாம் என்று இருக்கிறேன்.

தறிக்காரன்:
நானும் வர்றேன், ஷிப்ட் ஆறு மணிக்கு முடியுது. ஓட்டு அவங்களுக்குன்னு எழுதி வெச்சுக்காதீங்க. ஆதார் கேள்வியை நான்தான் கேப்பேன். எங்க லைனில் நாலு பேர் அந்தக் கையெழுத்துக்குத்தான் அலைஞ்சிட்டிருக்காங்க.