மாடுலர் கிச்சன் வழக்கு, வக்கீல் இல்லாமல் நானே நடத்துகிறேன்: 40,000-க்கு சமரசம் ஆகலாமா?

கோவைக்காரன்:
வணக்கம். கிச்சனுக்கு 1,80,000 கொடுத்தேன். கொட்டேஷனில் பிடபிள்யூஆர் (தண்ணீர் தாங்கும்) ப்ளைவுட் என்று எழுதிவிட்டு பார்ட்டிகிள் போர்டு போட்டிருக்கிறார்கள், சிங்க் அடியில் உள்ள கதவுகள் ஒரே மழைக்காலத்தில் உப்பி, கீலில் ஸ்க்ரூ நிற்காமல் தொங்குகின்றன. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறேன்: மாற்ற 95,000, மன உளைச்சலுக்கு 5 லட்சம். இப்போது அவர்கள் வக்கீல், 40,000 தருகிறோம், வாபஸ் வாங்குங்கள் என்கிறார். எந்தத் தொகைக்குக் கீழே இறங்கக் கூடாது?

மணி_திருப்பூர்:
5 லட்சத்தை மறந்துவிடுங்கள். மன உளைச்சலுக்கு இழப்பீடு உண்டு என்பது 1993-லேயே லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதுதான், ஆனால் இந்த மாதிரி வழக்குகளில் அது பெரும்பாலும் ஆயிரங்களில்தான் வருகிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் மனுக் கட்டணம் கேட்கும் தொகையை வைத்து அல்ல, பொருளுக்கு நீங்கள் கட்டிய விலையை வைத்துத்தான், அந்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் ஒரு பைசா கிடையாது, அதனால் பலரும் மனதுக்குத் தோன்றிய தொகையை எழுதிவிடுகிறார்கள். உங்கள் பலம் அந்த 95,000. அது வாய்வார்த்தையா, கார்பெண்டர் கையெழுத்துப் போட்ட எஸ்டிமேட்டா? எஸ்டிமேட் இருந்து, அவர் பிரமாண வாக்குமூலமும் தருவார் என்றால் அதோடு வட்டி, வழக்குச் செலவு சேர்த்து ஒரு லட்சத்தைத் தாண்டும். இழுத்தடிப்பு, தோற்கும் அபாயம் இரண்டுக்கும் கழித்தாலும் நான் 80,000-க்குக் கீழே இறங்க மாட்டேன். எஸ்டிமேட் இல்லையென்றால் 40,000 மோசமில்லை.

செல்வி அக்கா:
தொகையை விட முக்கியம், பணம் கைக்கு வராமல் வாபஸ் வாங்காதீர்கள். வாபஸ் வாங்கி, அவர்கள் கையை விரித்து, அதற்குள் 2 வருடக் கெடுவும் முடிந்துவிட்டால் மறுபடி மனு போடுவது பெரும்பாடு. இரு தரப்பும் கையெழுத்திட்ட சமரச மெமோ போட்டு, தொகையும் தேதியும் எழுதி, அதை ஆணைய உத்தரவாகவே பதிவு செய்யச் சொல்லுங்கள். அப்போதுதான் தராவிட்டால் அதே சட்டத்தின் பிரிவு 71-இல், உத்தரவை அமல்படுத்தக் கேட்கும் நிறைவேற்று மனு போட முடியும்.

கோவைக்காரன்:
எஸ்டிமேட் கையெழுத்தோடு இருக்கிறது, ரொம்ப நன்றி. வீட்டில் சமைக்க முடியவில்லை என்கிறார்கள், கெட்ட கதவுகளை இப்போதே மாற்றிவிடலாமா?

மணி_திருப்பூர்:
அவசரப்படாதீர்கள். முதலில் அட்வகேட் கமிஷனர் (நேரில் பார்த்து அறிக்கை தர ஆணையம் நியமிக்கும் வக்கீல்) வந்து பார்க்க மனு போடுங்கள். சமையல் நின்றுபோகும் நிலை என்றால், எதிர்த்தரப்புக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டு சிங்க் அடிக் கதவுகளை மட்டும் கழற்றி, பேர் எழுதி பத்திரமாக வையுங்கள். வெட்டிய ஓரத்தைக் கிட்டத்தில் போட்டோ எடுங்கள். ப்ளைவுட் என்றால் அடுக்கு அடுக்காகத் தெரியும், பார்ட்டிகிள் போர்டில் மரத்தூளும் சில்லுமாக இருக்கும். அந்தப் போட்டோவை அவர்கள் வக்கீலுக்கு அனுப்பிவிட்டு அப்புறம் பேரம் பேசுங்கள்.