ஜியோகோடிங்: ‘புவிக்குறியீடு’ வேண்டாம், ‘இடங்குறித்தல்’ சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

வரைபடச் செயலியின் தமிழாக்கத்தில் ஜியோகோடிங், அதாவது முகவரியைக் கொடுத்தால் அது பூமியில் எந்தப் புள்ளி என்று கண்டுபிடிக்கும் வேலை, அதற்கான சொல் மட்டும் முடிவாகாமல் நிற்கிறது. இதுவரை வந்த பரிந்துரைகள் புவிக்குறியீடு, புவிசார் குறியாக்கம், புவிக்குறியிடல். மூன்றுமே எனக்கு ஒப்பவில்லை. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் காரணம் எளிது. ‘புவிசார் குறியீடு’ ஏற்கெனவே வேறொன்றுக்குப் பெயராகிவிட்டது. 2013இல் மதுரை மல்லிக்குக் கிடைத்தது, 2019இல் பழநி பஞ்சாமிர்தத்துக்கும் திண்டுக்கல் பூட்டுக்கும் கிடைத்தது. செய்தித்தாள் படிக்கிற யாரும் அந்தச் சொல்லைப் பார்த்தால் பூவையும் பூட்டையும்தான் நினைப்பார்கள். ‘சார்’ என்பதை எடுத்துவிட்டாலும் குழப்பம் தீர்ந்துவிடாது.

இரண்டாவது காரணம்தான் எனக்கு முக்கியம். இந்த வேலையில் ‘குறியீடு’ எங்கே இருக்கிறது? ஒருவர் எழுதிக்கொடுத்த முகவரியை வாங்கி, அது பூமியில் எந்தப் புள்ளி என்று கண்டுபிடித்து, அதன் அகலாங்கு நெட்டாங்கைப் பதிவதுதான் வேலை. மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயில் என்று கொடுத்தால் 13.0337, 80.2700 என்று வர வேண்டும். இது குறியாக்கம் இல்லை, தேடல். கிடைத்த பல இடங்களில் சரியானது எது என்று தீர்மானிக்கிற வேலை.

உண்மையான குறியாக்கம் எது என்றால், அஞ்சல்துறை 2025இல் கொண்டுவந்த டிஜிபின். ஐஐடி ஐதராபாத்தும் இஸ்ரோவின் தேசியத் தொலையுணர்வு மையமும் சேர்ந்து உருவாக்கியது. நாட்டையே ஏறக்குறைய 4 மீட்டருக்கு 4 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பத்து எழுத்து கொண்ட ஒரு குறியீடு தருகிறது. புள்ளி தெரிந்தால் கணக்குப் போட்டே குறியீடு வந்துவிடும், யாரையும் விசாரிக்க வேண்டாம். ‘இடக்குறியீடு’ என்ற சொல்லை அதற்கு வைத்துக்கொள்ளலாம். நம் வேலை அதற்கு முந்தியது. அந்தப் புள்ளி எது என்று யாராவது முதலில் கண்டாக வேண்டும்.

அதில் என்ன கஷ்டம் என்பதற்கு எங்கள் அத்தை வீட்டு வாசலையே காட்டுகிறேன். நிலைக்கு மேலே 14 என்று பழைய எனாமல் தகடு. பக்கத்துச் சுவரில் மஞ்சள் பெயின்ட்டில் புதிய எண் 31. அதற்குக் கீழே போலியோ சொட்டு மருந்து போட வந்தவர்கள் சாக்பீஸால் எழுதிவிட்டுப் போன எண். இது போதாதென்று தெருவின் மறுகோடியில் ஒரு வீட்டின் பழைய எண்ணும் 31. அத்தையின் வங்கிக் கணக்கில் 14, வீட்டு வரி ரசீதில் 31. தபால்காரருக்குத் தொல்லையில்லை, அவர் பெயரைப் பார்த்தே கொடுத்துவிடுவார்.

போன வருடம் ஓர் இரவு அத்தைக்கு மூச்சுத்திணறல் வந்தது. கூப்பிட்ட வண்டி நேராகப் பழைய 31இன் வாசலில் போய் நின்றது. நான் ஓடிப்போய்க் கையைக் காட்டி அழைத்து வருவதற்குள் ஏழெட்டு நிமிடம் போய்விட்டது. அத்தை தேறிவிட்டார். அதற்குப் பிறகுதான் இரண்டு கல்லூரி மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு, யாரும் பதிந்து திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் எங்கள் தெருவை வாசல் வாசலாகப் பதிய ஆரம்பித்தேன். பழைய எண், புதிய எண் இரண்டையும் தனித்தனிக் கட்டத்தில் எழுதினோம். எதை எந்த ரசீதில் பார்த்தோம் என்றும் எழுதினோம். தெருப்பெயரிலும் இதே பாடுதான். எங்கள் பிள்ளையார் கோயில் தெருவின் ‘கோயில்’ ஆங்கில எழுத்தில் ஒவ்வொரு ரசீதிலும் ஒவ்வொரு மாதிரி இருந்தது. மென்பொருளுக்கு அவை வேறு வேறு தெருக்கள்.

சரி, சொல்லுக்கு வருகிறேன். என் பரிந்துரை ‘இடங்குறித்தல்’.

கல்யாணத்துக்கு நாள் குறிக்கிறோம். பஞ்சாங்கம் பார்த்து, இரண்டு வீட்டு வசதியும் பார்த்து, நாலைந்து நாட்களில் ஒன்றை உறுதிசெய்வதுதான் நாள் குறிப்பது. முகவரிக்கு இடம் குறிப்பதும் அப்படித்தான் நடக்கிறது. மென்பொருள் நாலைந்து இடங்களை முன்னால் வைக்கிறது, பின்கோடு, தெருப்பெயர், கதவு எண் எல்லாம் ஒத்துப்போகிறதா என்று பார்த்து ஒன்றை உறுதிசெய்கிறது. ‘இதற்கு அதைக் குறித்தல்’ என்ற அமைப்பு ஏற்கெனவே நம் வாயில் இருப்பதால் வினையாக்குவதும் சுலபம். பொத்தானில் ‘இடம் குறி’, செய்தியில் ‘எல்லா முகவரிகளுக்கும் இடம் குறித்தாயிற்று’, மென்பொருளுக்கு ‘இடங்குறிப்பான்’. புவிக்குறியாக்கத்தை இப்படி வினையாக்கிப் பாருங்கள், ‘புவிக்குறியாக்கம் செய்யப்பட்டது’ என்று நீட்டி முழக்க வேண்டியிருக்கும்.

திரும்பும் பாதைக்கு, அதாவது வரைபடத்தில் ஒரு புள்ளியைத் தொட்டால் முகவரி சொல்வதற்கு, ‘முகவரி காணல்’ போதும். ‘தலைகீழ்’, ‘எதிர்’ எதையும் முன்னால் ஒட்ட வேண்டியதில்லை.

துல்லியத்துக்கு ஆங்கிலத்தில் கூரையை வைத்துச் சொல்கிறார்கள். நமக்கு வாசல்தான் பொருந்தும், வண்டி வந்து நிற்பது அங்கேதானே. ‘வாசல் மட்டம், தெரு மட்டம், ஊர் மட்டம்’ என்று வைக்கலாம். இதைப் பயனருக்குக் கட்டாயம் காட்ட வேண்டும். கதவு எண் கிடைக்காதபோது மென்பொருள் 600004 என்ற பின்கோட்டின் நடுப்புள்ளியைக் கொடுத்துவிட்டு, தசமப் புள்ளிக்குப் பிறகு ஏழு இலக்கம் எழுதுகிறது. நான்காம் இலக்கமே சுமார் 11 மீட்டர்தான். ஏழு இலக்கத்தைப் பார்க்கிறவர் வாசலையே காட்டிவிட்டது என்று நம்பிவிடுவார், உண்மையில் கிடைத்தது மயிலாப்பூர் மட்டும்தான்.

உங்கள் கருத்தை எழுதுங்கள்.

— — —

மறுமொழி, யாழ்ப்பாணத்திலிருந்து:

வணக்கம் அண்ணா. இடங்குறித்தல் எங்களுக்கும் விளங்கும், எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அகராதிக் கோப்பில் அந்த எண் இணைக்கு ‘ஆயத்தொலைவு’ என்று போட்டிருக்கிறீர்கள். இங்கே பள்ளியில் நாங்கள் ‘ஆள்கூறு’ என்றுதான் படித்தோம்.

இன்னொன்று. ‘கதவு எண்’ என்ற கட்டம் எங்களுக்கு ஒத்துவராது, நாங்கள் ‘இலக்கம்’ என்போம். எங்கள் ஒழுங்கையில் (உங்கள் சந்துதான்) பாதி வீடுகளுக்கு அதுவும் இல்லை. விலாசம் என்று கேட்டால் ‘வைரவர் கோயிலடி’, ‘புளியடி’ என்றுதான் சொல்வார்கள். அந்தப் புளியமரம் தறித்துப் பல காலம், பெயர் மட்டும் இருக்கிறது. அதற்கு எந்தக் கட்டம்?

— — —

என் பதில்:

தங்கை, ஆள்கூறு என்றே வைத்துக்கொள்வோம். தமிழ் விக்கிப்பீடியாவிலும் ஊர்ப் பக்கங்களில் ‘ஆள்கூறுகள்’ என்றுதான் இருக்கிறது, இங்கே உள்ளவர்களுக்கும் பழகிவிடும். ‘கதவு எண்’ என்பதை ‘வீட்டு எண்’ என்று பொதுவாக்கி, இலங்கைப் பதிப்பில் ‘இலக்கம்’ என்று காட்டச் சொல்கிறேன்.

புளியடி பற்றி நீங்கள் சொன்னது நான் யோசிக்காதது. எங்கள் பக்கத்து ‘அடிபம்பு எதிரில்’ மாதிரிதான் அதுவும், ஆனால் உங்களுடையது அடையாளமாக இருந்து இடப்பெயராகவே ஆகிவிட்டது. மரம் இல்லாமல் போனாலும் ஊரார் அந்தப் பெயரால்தான் வழி சொல்கிறார்கள் என்றால், அது தெருப்பெயருக்குச் சமமான கட்டத்தில் இருக்க வேண்டும். ‘அடையாளம்’ என்ற குறிப்புக் கட்டத்தில் போட்டால் தேடலில் வராது. ‘வழங்குபெயர்’ என்று ஒரு கட்டம் சேர்க்கிறேன். அதன் எல்லையை ஊரில் இருப்பவர்கள்தான் வரைந்து தர முடியும். உங்கள் ஒழுங்கையிலிருந்தே தொடங்குங்கள்.

கோப்பில் இன்னும் ஒரு சொல் மிச்சம். வீட்டு எண் 100க்கும் 198க்கும் நடுவே 150 எங்கே இருக்கும் என்று தெருவின் நீளத்தைப் பிரித்துக் கணக்குப் போடும் முறைக்குப் பள்ளிக் கணக்கில் ‘இடைச்செருகல்’ என்று இருக்கிறது. சுவடிகளில் பின்னால் யாரோ நுழைத்த பாட்டுக்கும் அதே சொல்தான். முகவரி விஷயத்தில் அந்த நினைவு வரக்கூடாது. அதனால் ‘இடைக்கணிப்பு’ என்று போட்டிருக்கிறேன். இது அமெரிக்கா மாதிரி எண்கள் ஒழுங்காக ஏறிப்போகும் தெருக்களுக்குச் சரி. அங்கே 1990 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காகச் செய்த டைகர் என்ற வரைபடக் கோப்புகளில் தெருத் துண்டுகளுக்குத் தொடக்க எண், முடிவு எண் என்று இருக்கும். 14க்குப் பக்கத்திலேயே 31 இருக்கும் எங்கள் தெருவில் இந்த முறையை இயக்கவே கூடாது என்று அமைப்புப் பக்கத்தில் ஒரு குறிப்பும் எழுதியிருக்கிறேன். அந்தக் குறிப்பின் வாசகத்தை மட்டும் யாராவது ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள்.