பேட்ஜில் பெயர் இருக்கிறது, வாயில் வருவதில்லை

இரவுப்பணி, வேலூர்

தனியார் மருத்துவமனையில் நர்ஸ் நான், மருத்துவமனையின் பெயர் வேண்டாம். வயிற்றுப்போக்கோடு சேர்த்திருந்த பாட்டிக்கு நள்ளிரவுக்குப் பிறகு யூரின் பையில் அளவு ஏறவே இல்லை. பி.பி.யும் இறங்கிக்கொண்டே வந்தது. டியூட்டி டாக்டரை எழுப்பினேன். "காலையில் பார்க்கலாம்" என்றார். விடாமல் மறுபடி எழுப்பினேன். எழுந்து வந்து பார்த்தவருக்குத் தூக்கம் போய்விட்டது. விடிவதற்குள் பாட்டி தேறிவிட்டார்.

காலை ரவுண்ட்ஸில் பெரிய டாக்டர் கேஸ் ஷீட்டைப் புரட்டினார். "நர்ஸ் கூப்பிட்டிருக்கிறார். டாக்டர் இன்னார் சரியான நேரத்தில் பிடித்துவிட்டார்" என்றார். அந்த இன்னாரின் பெயரை அழகாகச் சொன்னார். கட்டிலுக்கு இந்தப் பக்கம் நான்தான் நின்றுகொண்டிருந்தேன். அவர் புரட்டிய ஷீட்டை நீட்டியதும் நான்தான்.

நோயாளிகள் 'சிஸ்டர்' என்று அழைப்பதில் எனக்கு வருத்தமே இல்லை. வலியில் இருப்பவர் பேட்ஜைப் படித்துக்கொண்டிருக்க முடியாது. தினமும் கூடவே வேலை செய்கிறவருக்கு என்ன வந்தது? 1946ஆம் ஆண்டிலேயே நர்சிங்கில் பட்டப்படிப்பு தொடங்கிய ஊர் இது.

காட்பாடி பிரதர்

எனக்குத் தலைகீழ். ஆண், கையில் பி.பி. கருவி, எனவே டாக்டர். குடியாத்தத்திலிருந்து ஒரு பெரியவர், லுங்கி நெசவாளர். நெஞ்சு வலியைத் தறியில் உட்கார்ந்த நொடியிலிருந்து தொடங்கி விலாவாரியாகச் சொன்னார். நான் டாக்டர் இல்லை, நர்ஸ் என்று முதலிலேயே சொன்னேன், காதில் விழவில்லை. முடிவில் மறுபடி சொன்னதும் மகன் பக்கம் திரும்பி, "அப்படியானால் இவ்வளவு நேரம் யாரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்?" என்று கேட்டார். அந்த முகம் இன்னும் போகவில்லை. நான் எழுதிய குறிப்பை வைத்துத்தான் டாக்டர் முதல் கேள்வியே கேட்டார், அது பெரியவருக்குத் தெரியாது.

'பிரதர்' என்பது பழகிவிட்டது. என் மாமியார் எங்கள் வார்டில் சேர்ந்திருந்தபோது அவரும் என்னை பிரதர் என்றுதான் கூப்பிட்டார்.

நர்சம்மா, அணைக்கட்டு (ஓய்வு)

முதலில் எழுதிய தங்கைக்கு. பெயர் சொல்லிக் கூப்பிடுவதா மரியாதை? எங்கள் பக்கம் பெரியவர்களைப் பெயர் சொல்லி அழைத்தால் அடி விழும்.

பீஞ்சமந்தை மலைக்குச் சரியான சாலை இல்லாத காலம். தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்து போவோம். ஒரு தடவை எனக்கு வந்த பதிவுத் தபால், 'இந்தப் பெயரில் யாரும் இல்லை' என்று திரும்பிப் போய்விட்டது. தபால்காரர் வீட்டில் பிரசவம் பார்த்ததே நான். பிறகு கேட்டதற்கு, "நர்சம்மா என்று போட்டிருந்தால் அன்றைக்கே கொண்டுவந்திருப்பேனே" என்றார். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றேன். ஆனாலும் நர்சம்மா என்ற அந்தப் பெயரை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

டெல்லியிலிருந்து ஆற்காட்டுக்காரி

மத்திய அரசு மருத்துவமனைகளில் 2016ஆம் ஆண்டில் ஸ்டாஃப் நர்ஸ் என்பதை நர்சிங் ஆபீசர் என்று மாற்றினார்கள். புது அடையாள அட்டை வந்த அன்று வீட்டுக்குப் படம் அனுப்பினேன், அப்பா தெருவெல்லாம் காட்டியிருக்கிறார். அட்டையை மாட்டிக்கொண்டு வார்டுக்குள் நுழைந்தேன். மூலைக் கட்டிலிலிருந்து ஒருவர், "ஏ சிஸ்டர், பாட்டில் தீர்ந்துவிட்டது" என்று இந்தியில் கத்தினார். ஆபீசர் ஓடிப்போய் பாட்டில் மாற்றினார்.

ஐ.சி.யூ. இன்சார்ஜ், ராணிப்பேட்டை

இதில் மனவருத்தம் மட்டும் இல்லை, ஆபத்தும் இருக்கிறது. ஒருவருக்கு இதயம் நின்றபோது டாக்டர், "நர்ஸ், அட்ரினலின்!" என்றார். மூன்று பேரும் டிராலிக்கு ஓடினோம். மூச்சு கொடுக்கும் ஆம்பு பையை அமுக்க ஆளில்லை.

ஆகவே சில யோசனைகள். போனில் டாக்டரைக் கூப்பிடும்போது "வார்டிலிருந்து பேசுகிறேன்" என்று தொடங்காதீர்கள். பெயர் முதலில், நோயாளி பிறகு. பேட்ஜ் கழுத்துப் பட்டையில் திரும்பிக்கொள்ளும், பெயரை இரு பக்கமும் அச்சடிக்கச் சொல்லுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2008ஆம் ஆண்டில் வெளியிட்ட அறுவைச் சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலிலேயே, கத்தி வைப்பதற்கு முன் குழுவில் எல்லோரும் பெயரும் பணியும் சொல்ல வேண்டும் என்று இருக்கிறது. இங்கிலாந்தில் கேட் கிரேஞ்சர் என்ற மருத்துவர் புற்றுநோயோடு படுத்திருந்தபோது, வருகிறவர்கள் பலர் தங்கள் பெயரைக்கூடச் சொல்வதில்லை என்று கவனித்து, 2013ஆம் ஆண்டில் அதற்காகவே ஓர் இயக்கம் தொடங்கினார். நோயாளியிடம் நாம் முதலில் பெயர் சொல்லிப் பழகினால் மற்றவர்களும் பழகுவார்கள். இன்னொன்று, கோபிக்க வேண்டாம். நாமும் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளை 'ஸ்டூடண்ட்' என்கிறோம், துப்புரவு செய்பவரை 'ஆயா' என்கிறோம். ரவுண்ட்ஸ் முடிந்ததும் அந்த டாக்டரிடம் தனியாக, பணிவாகச் சொல்லிப் பாருங்கள். முடிந்தால் நர்சிங் சூப்பரின்டென்டென்ட் வழியாக.

இரவுப்பணி, வேலூர்

இன்சார்ஜ் அவர்களே, யோசனைக்கு நன்றி, நான் கேட்கவில்லை. பேட்ஜ் நேராகத்தான் இருந்தது. அவரும் கண்ணாடி போட்டிருந்தார்.

நர்சம்மா அக்கா, உங்கள் மலைக்கு நீங்கள் ஒரே நர்ஸ். அங்கே நர்சம்மா என்றால் அது நீங்கள்தான், வேறு யாரும் இல்லை. எங்கள் வார்டில் ஒரு ஷிப்டுக்கு ஆறு பேர். 'நர்ஸ் கூப்பிட்டிருக்கிறார்' என்றால் அது ஆறு பேரும்தான், ஒருவரும் இல்லைதான்.

பெயர் தெரியாதவர்கள் என்றும் சொல்ல முடியாது. அந்த ரவுண்ட்ஸுக்கு அடுத்த வாரமே, மருந்தகத்திலிருந்து ஓர் ஊசி மருந்து தாமதமாக வந்ததற்கு விளக்கம் கேட்டு எனக்கு ஒரு தாள் வந்தது. அதில் என் முழுப் பெயரும், தலைப்பெழுத்தோடு, ஓர் எழுத்துப்பிழைகூட இல்லாமல் இருந்தது.